தொரைப்பூ

ஊசிப்பாறை எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்கள் சாப்பிடுவார்கள், செய்யாதவர்கள் அதைவிட நன்றாகச் சாப்பிடுவார்கள். மலை ஏறி வந்த முதல் ஆள் காலத்திலிருந்தே இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனால், தேயிலைக்கு நடுவே எப்படியோ தப்பிக் கிடந்த சோலைக்காட்டில் இலையும் இல்லாத பச்சையும் இல்லாத செடி ஒன்று இருக்கிறது, அது தனக்கென்று ஒரு வாய்ச் சோறுகூடச் சமைத்துக்கொள்வதில்லை என்று, செடி கொடிகளைப் படிக்க வந்த பெண் சொன்னபோது, கொழுந்துக்கூடையோடு நின்ற பெண்கள் யாரும் வாயைப் பிளக்கவில்லை.

அந்தப் பெண் பொறுமையாகத்தான் விளக்கினாள். மரம் வெயிலில் சமைக்கிறது, மரத்து வேரைச் சுற்றி மண்ணுக்குள் காளானின் நூல் ஓடுகிறது, மரம் நூலுக்கு ஊட்டுகிறது, நூல் மரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறது, இந்தச் செடி நடுவில் வந்து நூலைப் பிடித்து உறிஞ்சிக்கொள்கிறது, உலகத்திலேயே இது அபூர்வமான செடி என்றாள். மக்கிய சருகுக்கு நடுவே, உரித்த பூண்டுப் பல் நிறத்தில், தலையைக் கவிழ்த்துக்கொண்டு அது நின்றிருந்தது.

“திருப்பி என்ன குடுக்கும்?” என்று கேட்டாள் இருளாயி.

“ஒண்ணும் குடுக்கிற மாதிரி தெரியலக்கா.”

“வெள்ளையா இருக்கு, வேலை செய்யறதில்ல, அடுத்தவன் சோத்துல கை வைக்குது. இதுல அபூர்வம் என்ன இருக்கு? பங்களாவுலயே ஒண்ணு இருக்கே.”

பெண்கள் சிரித்த சிரிப்பில் மேட்டில் நின்ற சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்தான். அன்றிலிருந்து அதற்குத் தொரைப்பூ என்று பெயர்.

அந்தச் செடி நின்ற இடம் குங்கிலிய மரத்தடி. கீழ்நாட்டில் பிள்ளை பிறந்தால் நஞ்சுக்கொடியை அவரவர் வீட்டு மண்ணில் புதைப்பார்கள். ஊசிப்பாறையில் யாருக்கும் மண் கிடையாது. வீடு எஸ்டேட்டுடையது, வாசல் எஸ்டேட்டுடையது, வாசலில் முளைக்கிற கீரைகூட யாராவது கேட்டால் எஸ்டேட்டுடையதுதான். அதனால் தொழிலாளர்கள் குடியிருக்கிற லைன் வீடுகளில் பிறந்த எல்லாப் பிள்ளைகளின் கொடியையும் யாரும் எட்டிப் பார்க்காத அந்த மரத்தடியில் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். சாதி பார்த்துத் தண்ணீர் குடித்தவர்கள்கூட அங்கே தனி இடம் கேட்டதில்லை.

இருளாயியின் அம்மா காத்தாயி, எஸ்டேட் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கிற ஆயாவாக இருந்தவள். ஒரு ஆடி மாதம் மலைப்பாதையில் மண் சரிந்து கார் இறங்க முடியாமல் போய், பங்களா அம்மாவே அந்த ஆஸ்பத்திரியின் இரும்புக் கட்டிலில் பிள்ளை பெற வேண்டியதாயிற்று. நஞ்சுக்கொடியைக் குப்பைக் குழியில் போடச் சொன்னார் டாக்டர். குப்பைக் குழியை நாய் கிளறும். யார் பெற்ற பிள்ளையாக இருந்தாலும் அதன் கொடியை நாய் வாயில் போடக் காத்தாயிக்கு மனசு வரவில்லை. சட்டியில் வைத்து, மஞ்சள் தூவி, மற்ற பிள்ளைகளுடையதோடு சேர்த்து மரத்தடியில் புதைத்துவிட்டாள். அப்படிப் பிறந்தவர்தான் இப்போதைய முதலாளி, லைன்காரர்கள் சின்னதொரை என்று சொல்கிற ஹரிகிருஷ்ணன். கொடி எங்கே போயிற்று என்று பங்களாவில் யாருக்கும் தெரியாது. லைனில் எல்லோருக்கும் தெரியும்.

இருளாயியின் மகன் செல்லப்பாண்டியின் கொடியும் அங்கேதான் இருந்தது. செல்லப்பாண்டி ஐந்து வயதில் செத்துப்போனான். காய்ச்சலில் உடம்பு அனலாய்க் கொதிக்க, அவனைத் தோளில் போட்டுக்கொண்டு இருளாயி பங்களாவுக்கு ஓடினாள். எஸ்டேட்டில் இருந்தது ஒரே ஜீப். அன்றைக்குச் சின்னதொரைக்குப் பிறந்தநாள், ஊரிலிருந்து சிநேகிதர்கள் வந்திருந்தார்கள், டவுன் பேக்கரியில் சூடாகப் போடுகிற வர்க்கி பிஸ்கட் வேண்டும் என்று அவர்கள் கேட்டதால் ஜீப் வர்க்கி வாங்கப் போயிருந்தது. “வந்ததும் எடுத்துட்டுப் போ” என்றார் சின்னதொரை. அதட்டவில்லை, விரட்டவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார். அந்த மரியாதையைத்தான் இருளாயியால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. ஜீப் வந்தது. முதலில் வர்க்கிப் பெட்டியை இறக்கினார்கள். பிறகுதான் பிள்ளையை ஏற்றினார்கள். சீட்டில் உதிர்ந்து கிடந்த தூளை மோந்துவிட்டு, “அம்மா, வர்க்கி” என்றான் செல்லப்பாண்டி. டவுனுக்குப் போய் வாங்கித் தருகிறேன் என்றாள். பாதி வளைவு இறங்குவதற்குள் அவன் எதையும் கேட்காதவன் ஆகிவிட்டான்.

அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷம் இருளாயி அதே எஸ்டேட்டில் கொழுந்து பறித்தாள். வேறு எங்கே போவது? கோபத்தைக் கூடையோடு கட்டிக்கொண்டு மலை ஏறினாள், இறங்கினாள், கோபம் மட்டும் இறங்கவே இல்லை.

பெரியதொரை செத்து, எஸ்டேட் மகன் கைக்கு வந்ததும், லைன் வீடுகளையும் சோலையையும் சேர்த்து ஒரு ஓட்டல் கம்பெனிக்குக் கொடுப்பதாகப் பேசி முடித்தார் சின்னதொரை. சோலைக்குள் கண்ணாடி வீடுகள் கட்டுவார்களாம். மழையைக் காசு கொடுத்துப் பார்க்க ஆட்கள் வருவார்களாம். நாலு தலைமுறையாக மழையில் நனைந்தவர்கள் வீட்டைக் காலி செய்துவிட்டு இறங்கிப் போக வேண்டும். தொழிற்சங்கத் தலைவர் பேச்சியப்பன் முடியாது என்றார். “உங்களுக்கு இங்க என்ன வேர் இருக்கு, பேச்சியப்பா? பிழைக்க வந்தவங்கதான?” என்று கேட்டார் சின்னதொரை. மறுநாள் லைன்காரர்களுக்கு வேலை நிறுத்தப்பட்டது; எஸ்டேட்டின் ஒரே மளிகைக் கடை பூட்டப்பட்டது; வெளியிலிருந்து அரிசி ஏற்றிவந்த வண்டியை கேட்டில் திருப்பி அனுப்பினார்கள். வயிறு காய்ந்தால் தானாக இறங்குவார்கள் என்பது சின்னதொரையின் கணக்கு. அரிசி தீர்ந்தது, கிழங்கு தீர்ந்தது, பிள்ளைகள் அழுகையும் தீர்ந்து சும்மா படுத்துக்கிடந்தார்கள். அப்போதுதான் ஆடி மழை அடித்துப் பெய்தது.

மழை விட்ட காலையில் குங்கிலிய மரத்தடியில் தரையே தெரியவில்லை. வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ தலைகாட்டுகிற தொரைப்பூ, லைனில் பிறந்தவர்கள் எத்தனை பேரோ, பிறந்து செத்தவர்கள் எத்தனை பேரோ அத்தனையும் முளைத்து, வெள்ளை வெளேரென்று தலைகவிழ்ந்து நின்றது. அதைப் பார்த்துவிட்டு வந்து சொல்லக்கூட யாருக்கும் தெம்பில்லை. சரியாக எட்டு மணிக்கு, வாசலில் குந்தியிருந்த பேச்சியப்பன் ஒரு ஏப்பம் விட்டார். வெண்ணெய் மணத்தது. அடுத்த வீட்டில் ஒரு ஏப்பம், அதற்கடுத்த வீட்டில் ஒன்று, லைன் முழுக்க வரிசையாக ஏப்பம் ஓடியது. படுத்துக்கிடந்த பிள்ளைகள் எழுந்து வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.

“ரொட்டி, முட்டை, அப்புறம் ஏதோ புளிப்பா ஜாம்” என்றாள் பேச்சியப்பன் மனைவி பொன்னுத்தாய், நாக்கைச் சப்புக்கொட்டி.

பங்களாவில் சமையல் செய்கிற அந்தோணி மத்தியானம் லைனுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது எல்லாம் விளங்கிவிட்டது. சின்னதொரை காலையில் ரொட்டியும் முட்டையும் ஜாமும் சாப்பிட்டார், சாப்பிட்ட கையோடு பசிக்கிறது என்றார், மறுபடி சாப்பிட்டார், மறுபடியும் பசிக்கிறது என்றார். மரத்தடியில் எல்லோருடைய கொடியும் ஒன்றாகக் கிடக்கிறது, மண்ணுக்குள் நூல் ஓடுகிறது, அவர் மெல்லுகிறார், இவர்களுக்கு நிறைகிறது. இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை என்றார் பேச்சியப்பன். இத்தனை காலம் நாம் பறித்தோம் அவருக்கு நிறைந்தது, இப்போது நூல் அந்தப் பக்கம் இழுக்காமல் இந்தப் பக்கம் இழுக்கிறது, அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று சொல்லிவிடலாம், ஆனால் நானூறு வயிறு ஒரு வாயை நம்பி வாழ்வது லேசா? வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிற பெண்களுக்கு மத்தியானம் ஒரு மணிக்குக் கோழி வறுவல் இறங்கியது. பாவம் மென்றவனைச் சேருமா, நிறைந்தவளைச் சேருமா என்று மாரியம்மன் கோயில் வாசலில் பஞ்சாயத்து நடந்து, மென்றவனைத்தான் சேரும் என்று தீர்ப்பானது. சாயங்காலம் ஏழு மணிக்குச் சின்னதொரை கிளாஸைக் கையில் எடுத்தால், ஜெபக்கூட்டத்தில் கண்மூடி நின்ற எஸ்தர் மெல்லத் தள்ளாடிச் சினிமாப் பாட்டை முணுமுணுத்தாள். பிள்ளைகளுக்கும் ஏறுகிறது என்று பெண்கள் பங்களாவுக்கே ஆள் அனுப்பி, குடிக்காதே என்று சொல்லச் சொன்னார்கள். அந்தோணி அதைச் சொல்லாமல் பாட்டிலை ஒளித்துவைத்தான். காரம் போதவில்லை என்று சிலர் குறைப்பட்டார்கள். அந்தோணி அதற்கும் வழி செய்தான். பங்களாக் குழம்பில் மிளகாய் கூடியது, சின்னதொரை கண்ணில் தண்ணீரோடு சாப்பிட்டார், லைன் திருப்தியாக உறங்கியது.

இருளாயிக்கு மட்டும் ஒன்று கூடுதலாக இருந்தது. வயிறு நிறைந்த பிறகும், இடது விலாவுக்குக் கீழே, சின்னக் கைப்பிடி அளவுக்கு ஒரு பசி தனியாக நின்றது. அது அவளுடைய பசி இல்லை. ரொட்டிக்கு அடங்கவில்லை, கோழிக்கு அடங்கவில்லை. மாலை நாலு மணிக்குச் சின்னதொரை தேநீரோடு வர்க்கியைக் கடித்தார். மொறுமொறுப்பு அவள் பல்லில் நொறுங்கியது. அந்தச் சின்னப் பசி, தாலாட்டுக் கேட்ட பிள்ளை மாதிரி, சட்டென்று அடங்கியது. இருளாயி கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பிறகு சோலைக்குப் போய், அத்தனை பூக்களில் எதுவென்று தெரியாமல், எதையும் மிதிக்காமல், ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். இந்தச் சோலையைத்தான் வெட்டிக் கண்ணாடி வீடு கட்டப்போகிறான் என்று நினைக்க நினைக்க அழுகை காய்ந்து கோபம் மிஞ்சியது.

பங்களாவில் சின்னதொரை உருகிக்கொண்டிருந்தார். கோயம்புத்தூர் டாக்டர்கள் உள்ளேயும் வெளியேயும் படம் எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார்கள். அங்கேயே ஒரு ஓட்டலில் உட்கார்ந்து அவர் பிரியாணி சாப்பிட்டுப் பார்த்தார். மலைமேல் மழைக்குள் நானூறு பேருக்குப் பட்டை கிராம்பு மணத்தது. சட்டை தொங்கியது, கன்னம் ஒட்டியது, முகம் வெளுத்தது. கீழே லைனில் பிள்ளைகள் மினுமினுவென்று திரிந்தார்கள். கடைசியில் அந்தோணியே ஒரு நாள் தட்டை வைத்துக்கொண்டே முழுவதையும் சொல்லிவிட்டான். சின்னதொரை கையிலிருந்த தோசையைப் பார்த்தார். “என் சோத்தைத் திங்கறானுங்களா?” என்றார்.

மறுநாள் காலையில் மண்ணள்ளும் இயந்திரம் சோலை வாசலுக்கு வந்தது. பின்னாலேயே காரில் சின்னதொரை வந்தார். லைன் முழுக்க மரத்தடிக்கு முன்னால் வந்து நின்றது. முன்னால் இருளாயி.

“தள்ளி நில்லு. மரத்தோட சேர்த்துப் புரட்டிப் போடு” என்றார் சின்னதொரை டிரைவரிடம்.

டிரைவர் பூக்களைப் பார்த்தான், இருளாயியைப் பார்த்தான், இயந்திரத்தை அணைத்துவிட்டு இறங்கினான். “நானும் இந்த ஆஸ்பத்திரியிலதான் சார் பொறந்தேன். எங்கப்பா பக்கத்து எஸ்டேட்டு. காத்தாயிதான் பிரசவம் பார்த்தது” என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தோடு போய் நின்றுகொண்டான்.

சின்னதொரை அங்கே கிடந்த மண்வெட்டியைத் தானே எடுத்தார். “என்னுது எது? அதை மட்டும் வெட்டி எறிஞ்சிட்டுப் போறேன். எதுன்னு சொல்லு.”

“தெரியாது தொரை” என்றாள் இருளாயி.

“உங்கம்மா சொல்லிருப்பாளே.”

“எங்கம்மா அடையாளம் வெச்சுப் பொதைக்கல. உங்களுது எதுன்னு தெரியாது, எங்களுது எதுன்னும் தெரியாது. அதனாலதான் இங்க ஒண்ணையும் நாங்க மிதிக்கிறதில்ல. இங்க என்ன வேர் இருக்குன்னு கேட்டீங்களே, இதான். வெட்டுங்க. வெட்டினது உங்களுதாவே இருந்துட்டா என்ன ஆகும்னும் எங்களுக்குத் தெரியாது. வெட்டிப் பாருங்க!”

மண்வெட்டி மேலே போனது. அங்கேயே நின்றது. பிறகு மெல்லக் கீழே வந்தது. சின்னதொரை சேற்றில் உட்கார்ந்துவிட்டார். “பசிக்குது” என்றார். பேச்சியப்பன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறினார்.

“நூல் ரெண்டு பக்கமும் ஓடும் தொரை. நானூறு வயித்துக்கு நீங்க ஒருத்தர் எம்புட்டுத் திம்பீங்க? கடையைத் திறங்க. நாங்க சாப்பிட்டா உங்களுக்கு நிறையும். ஆனா லைனையும் சோலையையும் விக்கிறதை நிறுத்தினாத்தான் நாங்க வாய் திறப்போம். கடையைத் திறந்தாலும் பொங்கி வெச்சுப் பார்த்துக்கிட்டு இருப்போமே ஒழிய ஒரு பருக்கை வாயில வைக்க மாட்டோம்.”

அன்றைக்கு ஊசிப்பாறையில் நடந்த மாதிரி ஒரு மறியல் எங்கும் நடந்திருக்காது. கடை திறந்தது, அரிசி வந்தது, உலை கொதித்தது, கருவாட்டுக் குழம்பு மணம் பங்களாவரை ஏறியது, ஒருவரும் தட்டைத் தொடவில்லை. சின்னதொரை லைன் வாசலிலேயே நின்று ஆவி பறக்கிற சோற்றைப் பார்த்தார். பிறகு, எல்லோரும் கேட்க, ஓட்டல் கம்பெனிக்குப் போன் போட்டு, லைனும் சோலையும் விற்பனைக்கு இல்லை என்றார். அந்தப் பக்கம் ஏதோ கத்தினார்கள். “இல்லைன்னா இல்லை!” என்று இவரும் கத்திவிட்டு வைத்தார். லைன் உட்கார்ந்து சாப்பிட்டது. கருவாட்டுக் குழம்பின் முதல் கவளம் அத்தனை வாயிலும் இறங்கியபோது சின்னதொரை வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு விம்மினார். வாழ்க்கையில் முதல் தடவையாக லைன்காரர்கள் சாப்பிட்டார்களா என்று அவருக்கு உண்மையிலேயே அக்கறை வந்தது. அதை அன்பு என்று யாரும் ஏமாந்துவிடவில்லை.

வேலை தொடங்கியது. சின்னதொரைக்குச் சதை பிடித்தது. லைனில் ஒரு வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றாலும் பங்களாவிலிருந்து ஆள் ஓடிவந்து விசாரித்தது. ஊரே சமாதானமாகிவிட்டது; இருளாயியைத் தவிர. லைன் சோறே வயிற்றில் நிறைந்து கிடந்ததால் சின்னதொரை நாலு மணி வர்க்கியை விட்டுவிட்டார். அந்தச் சின்னப் பசி விலாவுக்குக் கீழே மறுபடி எழுந்து உட்கார்ந்துகொண்டது. கொழுந்து பறிக்கும்போது அழுதது, நடக்கும்போது அழுதது. டவுனுக்குப் போய் வர்க்கி வாங்கிவந்து இருளாயி தானே தின்று பார்த்தாள். வாய் ருசித்தது. பசி அசையவில்லை.

மீதி வர்க்கியைப் பொட்டலத்தோடு எடுத்துக்கொண்டு பங்களா வாசலேறினாள். கேட்டில் யாரும் தடுக்கவில்லை. மணி நாலு. சின்னதொரை சாய்வு நாற்காலியில் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார்.

“வா இருளாயி. லைன்ல எல்லாரும் சாப்பிட்டாச்சு போலிருக்கே.”

அவள் பொட்டலத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தாள். “தின்னுங்க.”

“ஐயோ, தொண்டை வரைக்கும் நிக்குது. முடியாது.”

“எம் பிள்ளைக்குப் பசிக்குது தொரை.”

சின்னதொரை வர்க்கியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். ஜீப், தோளில் தொங்கிய பிள்ளை, பிறந்தநாள், எல்லாம் அவர் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து நின்றது. மறந்திருந்தார் என்பது அப்போதுதான் இருளாயிக்குத் தெரிந்தது. இருபத்திரண்டு வருஷமாக அவர் நினைத்துக்கொண்டாவது இருப்பார் என்று நம்பியிருந்தாள். அந்த நம்பிக்கையும் போயிற்று, போன இடத்தில் வெறும் நெருப்பு.

“நீயே சாப்பிடலாமே” என்றார் மெதுவாக.

“தின்னு பார்த்துட்டேன். அடங்கல. நான் குடுக்காததுக்கு அவன் அழல. நீங்க குடுக்காததுக்குத்தான் அழறான். எடுங்க.”

எடுத்தார். கடித்தார். விழுங்க முடியாமல் விழுங்கினார், கண் பிதுங்கியது. இருளாயி நின்றுகொண்டே பார்த்தாள். விலாவுக்குக் கீழே அழுகை கொஞ்சம் குறைந்தது. இரண்டாவதையும் தின்றார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, “பையன் பேரு என்ன இருளாயி?” என்று கேட்டார்.

“முதல்ல இன்னொண்ணு எடுங்க” என்றாள். “பேரு சொல்ற அளவுக்கு நீங்க இன்னும் குடுக்கல. நாளைக்கும் நாலு மணிக்கு வருவேன்.”